ஏழு அடியும் நூற்று முப்பத்தைந்து டிகிரியும்

சகாயமேரி மாரப்பனின் வலது கையைக் காதோடு ஒட்டித் தூக்கிய அந்த நொடியில், மூன்று தெரு தள்ளி டீக்கடை பெஞ்சில் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்த அவன் மச்சினன், பக்கத்தில் ஒரு ஆள்கூட நிற்காதபோதே, உலக்கை விழுந்த சத்தத்தோடு தோள்பட்டை இறங்கி மண்ணில் உருண்டான். நாலு மாதத்துக்கு முன்னால் வாய்க்கால் தகராறில் மாரப்பனின் தோளை உலக்கையால் இறக்கியவன் அவன்தான் என்பது எங்கள் ஊர் ஓலக்கரட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் சாமி என்றோ பேய் என்றோ கத்தவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் எட்டிப் பார்த்து, "மாரப்பனுக்குக் கை மேல போயிருச்சாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு, விழுந்தவனைத் தாண்டிப் போய் அடுத்த பெஞ்சுக்கு டீ வைத்தார்.

சகாயமேரி திண்டுக்கல்காரி. எங்கள் மாட்டுச் சந்தைக்கு எதிரே, புண்ணாக்குக் கடை மாடியில், பிசியோதெரபி என்று பலகை மாட்டி அவள் உட்கார்ந்தபோது, நாங்கள் அதை உடம்பு பிடித்துவிடும் கடை என்று நினைத்து ஆளுக்கொரு நல்லெண்ணெய் பாட்டிலோடு படியேறினோம். "எண்ணெயைக் கொண்டுபோய் தோசைக்கு ஊத்துங்கண்ணே" என்று திருப்பி அனுப்பினாள். "எலும்பை ஒட்ட வைக்கிறது பெரிய டாக்டரோட வேலை. ஒட்டின எலும்பை உங்களுக்குத் திருப்பி வாங்கிக் குடுக்கிறது என் வேலை. மாவுக்கட்டு நாப்பத்தஞ்சு நாள் இருந்தா மூட்டு பூட்டிக்கும், சதை சூம்பிடும், வலிக்குமேன்னு நீங்களும் அசைக்க மாட்டீங்க. தினமும் வந்து கொஞ்சம் கொஞ்சமா மடக்கணும். வேற மந்திரம் கிடையாது."

மந்திரம் கிடையாது என்று அவள் சொன்னது உண்மைதான். ஒரு மெழுகுத் தொட்டி, ஐஸ் பை, கரண்ட் மிஷின், கப்பியில் தொங்கும் கயிறு, இரண்டு கட்டில், மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்க ஒரு ஸ்டீல் அளவுகோல், இவ்வளவுதான் அந்த அறை. உள்ளே அடி கிடந்தால் அது அவள் குற்றமா? பூட்டிய மூட்டை அவள் திறந்தாள். உள்ளே கிடந்த அடி எழுந்து, சோம்பல் முறித்து, தன்னைக் கொடுத்தவனைத் தேடிக்கொண்டு போனது.

வழுக்கி விழுந்தவர்களின் அடி தரைக்குப் போனது. தபால்காரரின் இடுப்பை அவள் நிமிர்த்திய அன்றைக்கு அவர் வீட்டுக் குளியலறைக் கல் இரண்டாகப் பிளந்தது. மாடு உதைத்த முழங்கையை மடக்கினால் கொட்டகையில் மாடு கதறிப் படுத்துக்கொண்டது. லாரி இடித்த காலை மடக்கியபோது, எங்கோ நாகபுரிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த அந்த லாரியின் மூக்கு நசுங்கிப்போய், டிரைவர் போன் போட்டு அழுதான். பக்கவாதத்தில் கை விழுந்த ஸ்கூல் டீச்சரின் விரல்களை அவள் ஒவ்வொன்றாக விரித்தபோதுதான் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், ஏனென்றால் அந்த அம்மாளை யாரும் அடிக்கவில்லை. அடி அறையை இரண்டு சுற்றுச் சுற்றியது, யாரையும் தொடவில்லை, நேராக மேலே போய்க் கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு இன்னும் மேலே போனது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மழைக்காலத்துக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. யாருக்கு எத்தனை மணிக்கு மடக்கு என்று சிலேட்டில் எழுதிப் படிக்கட்டில் மாட்டியிருப்பாள். அடித்தவர்கள் காலையிலேயே வந்து பார்த்துவிட்டுப் போய், அந்த நேரத்துக்கு வீட்டில் மெத்தை விரித்து, பல்லுக்கு நடுவில் துணியைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். பஞ்சுக்கடைக்காரன் முழங்காலுக்கு, தோளுக்கு, இடுப்புக்கு என்று தனித்தனியாக உறை தைத்து விற்றான். ஸ்டேஷனில் ஏட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட வந்தவனிடம், "கேஸு எதுக்குடா, கட்டுப் பிரிச்சதும் போயி மடக்கிக்க" என்று அனுப்பினார். மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரித்தவர்கள், அவனுக்கு எத்தனை டிகிரி வரவேண்டியிருக்கிறது என்று விசாரித்தார்கள். அடி குறைந்ததா என்றால் குறைந்தது. ஆனால் அடித்தவன் முழுசாக அடித்தான். "செத்தவனுக்கு ஏதுடா பிசியோ" என்று ஒயின்ஷாப்பில் ஒருத்தன் சொல்லிச் சிரித்த மறுவாரம், கரும்புக் காட்டில் ஒரு தலை தனியாகக் கிடந்தது.

பெண்கள்தான் இந்த விஷயத்தை எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். என் பெண்டாட்டி பாவாயிக்கு இடதுகை மோதிர விரல் பதினெட்டு வருஷமாக மடங்காது. அது எப்படி ஆனது என்று நான் எழுதவேண்டியதில்லை. சிலேட்டில் அவள் பெயர் வந்திருக்கிறதா என்று தினமும் பார்த்துப் பார்த்து, பொறுக்கமுடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீ எப்பப் போறே?"

அவள் அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவசரம் என்னங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். எப்ப வேணுமோ அப்ப மடக்கிக்கறேன்."

அன்றிலிருந்து வீட்டுக்குள் நான் சத்தமாகத் தும்மியதுகூட இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் நான் சென்னியப்பனை அடித்தேன்.

நானும் அவனும் பத்தொன்பது வருஷம் ஒன்றாகத் தொழில் பார்த்த மாட்டுத் தரகர்கள். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டோம்; கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவோம், விரலை விட்டபிறகு பேச்சு மாறினவனுக்குச் சந்தையில் ஒரு சொம்பு தண்ணீர் கிடைக்காது. நான் கயிறு விற்க வந்து, சாணியில் படுத்து, மாட்டிடமும் மனுஷனிடமும் மிதிபட்டு, பல்லைப் பார்த்தே வயசு சொல்லக் கற்று மேலே வந்தவன். அன்றைக்குக் காங்கேயம் காளை ஜோடி ஒன்றை ஒரு துண்டுக்குள் ஒருத்தருக்கு முடித்துவிட்டு நிமிர்கிறேன், பத்தடி தள்ளி இன்னொரு துண்டுக்குள் அதே ஜோடியைப் பாலக்காட்டுக்காரனுக்கு முடித்துக்கொண்டிருக்கிறான் சென்னியப்பன். மாடு கட்டும் இரும்பு முளையை மண்ணிலிருந்து பிடுங்கி, பட்டப்பகலில், இருநூறு பேர் பார்க்க, அவனைக் கீழே தள்ளி வலது முழங்காலில் அடித்தேன். முதல் அடிக்கு அவன் நாச்சி என்று என் பெயரைச் சொன்னான், இரண்டாவதுக்கு அவன் அம்மாவைக் கூப்பிட்டான், மூன்றாவதுக்கு யாரையும் கூப்பிடவில்லை. முட்டிச் சில்லு உடைகிற சத்தம் கேட்டது, அது அப்போது எனக்குப் பிடித்தும் இருந்தது, அதனால் நிறுத்தாமல் அடித்தேன். ஏழு அடி. வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் எண்ணத் தெரியும்.

கட்டுப் பிரித்தபோது சென்னியப்பனின் கால் வண்டி நுகத்தடி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. தரகனுக்கு முழங்கால்தான் கடை. குத்த வைத்து உட்கார்ந்தால்தான் மடியைத் தொட்டுப் பார்க்கலாம், குளம்பைத் தூக்கலாம், வயிற்றில் காதை வைக்கலாம். நின்றுகொண்டே மாடு பார்க்கிறவனைச் சந்தையில் எவனும் கூப்பிடமாட்டான். "நாற்காலியில உக்காரத் தொண்ணூறு டிகிரி, படியிறங்க நூறு, குத்த வைக்க நூத்து முப்பத்தஞ்சு" என்று சகாயமேரி சொன்னாளாம். "அப்ப நூத்து முப்பத்தஞ்சே குடுத்துருங்கம்மா" என்றானாம் அந்த நாய்.

முதல் அடி இருபது டிகிரியில் வந்தது. நான் சந்தையில் ஒரு எருமையின் மடிக்குக் கீழே குத்த வைத்திருந்தேன். உறை கிறை எதுவும் கட்டவில்லை, ரோஷம். என் கையால் நான் இறக்கிய அதே கனத்தில், அதே கோணத்தில், முளையே இல்லாமல் அது என் முழங்காலில் இறங்கியது, நான் எருமையின் பின்னங்காலுக்கடியில் விழுந்தேன், எருமை நிதானமாக என்மேல் மூத்திரம் பெய்தது. "இருவது ஆயிருச்சாட்ட" என்று பக்கத்துத் தரகன் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே சொன்னான். இரண்டாவது நாற்பதில் வந்தது. அன்றைக்கே ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து மாடியேறினேன்.

"இன்னும் அஞ்சு இருக்குது. தொண்ணூறுல நிறுத்திக்கம்மா. நாற்காலியில உக்காந்துக்கட்டும். தேக்குல நானே ஒண்ணு செஞ்சு தர்றேன்."

"நூத்து முப்பத்தஞ்சு."

"சரி, நூறு. படியும் இறங்கிக்கட்டும், போ."

"அண்ணே, இது மாடில்ல."

தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு நீட்டினேன். துண்டுக்குள் வந்து என்னிடம் இறங்காத ஆள் கிடையாது. அவள் சிரிக்காமல் தன் கையை உள்ளே விட்டாள். நான் அவள் விரலைத் தேடுவதற்குள் அவள் என் கட்டைவிரலை வேரில் பிடித்து, எந்த எலும்பு எந்தக் குழியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிடியால், மெதுவாக, அவசரமே இல்லாமல், பின்பக்கமாக வளைத்தாள். முப்பது வருஷச் சந்தையில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றைக்குத்தான்.

"நூத்து முப்பத்தஞ்சு" என்றாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்கம்மா."

மூன்றாவது அடிக்கு உறை கிழிந்தது. நாலாவது, எழுபத்தைந்து டிகிரியில் வந்தது, என் முட்டிச் சில்லை உடைத்தது. எனக்கும் கட்டுப் போட்டார்கள். சகாயமேரி சென்னியப்பனை மடக்குவதை நிறுத்திவைத்தாள். "ஒட்டுற எலும்பு எவனோடதா இருந்தா என்ன, அதுமேல அடி விழ நான் விடமாட்டேன்" என்றாள். நாற்பத்தைந்து நாள் கழித்துப் பிரித்தால், என் காலும் நுகத்தடி.

இப்போது அவனுக்குள் மூன்று, எனக்குள் நாலு. அவனை மடக்கினால் எனக்கு விழும், என்னை மடக்கினால் அவனுக்கு விழும். மாரப்பனும் மச்சினனும் அப்படித்தான் ஒரே உலக்கை அடியைப் பதினோரு தடவை மாற்றி மாற்றி அனுப்பி, கடைசியில் இரண்டு பேரும் புடலங்காய் மாதிரி கையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். நாங்கள் தினமும் மாடிக்குப் போய் ஒரே பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சந்தை தெரியும். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் வேறு எவனெவனோ குத்த வைத்து மாடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"எருமை சௌக்கியமாடா, நாச்சி?" என்றான் சென்னியப்பன்.

"உன்ற பாலக்காட்டுக்காரன் உன்னையப் பாக்க வந்தானா? ஆரஞ்சு வாங்கிட்டு?"

"வந்தான். காலை ஒடச்சது ஆருன்னு கேட்டான். கூட்டாளின்னேன். நம்பலே."

"ஏண்டா, முடிஞ்ச ஜோடிக்கு அவன் விரலைப் புடிச்சே?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "அவன் இறுக்கிப் புடிச்சான், விலை ஏறிக்கிட்டே போச்சு. எனக்கு ஆசை வந்துருச்சு." நீட்டிய காலைத் தட்டி, "ரெண்டு பேத்தையும் ஒரே நேரத்துல மடக்கச் சொல்லு" என்றான். "என்றது உன்னையத் தேடி வரும், உன்றது என்னையத் தேடி வரும். கெடாச் சண்டையாட்ட வழியில முட்டிக்கிட்டுச் சாகட்டும்."

"நாலும் மூணும். ஒண்ணு மிச்சமாகுது."

"அதை நான் வாங்கிக்கறேன் போ."

பத்தொன்பது வருஷத்தில் அவன் என்னிடம் பேரம் பேசாமல் எதையும் வாங்கிக்கொண்டதில்லை. நான் ஒத்துக்கொண்டேன்.

சகாயமேரி எங்களையும் கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு கட்டில், ரெண்டு முட்டி. இருக்கிறது நான் ஒருத்தி. அப்ப நான் நடுவுல நிக்கணும்."

"நில்லுங்கம்மா" என்றோம் இரண்டு பேரும், ஒரே வாயால்.

இதை வேறு எந்த ஊர்க்காரனும் சொல்லியிருக்கமாட்டான். நாங்கள் விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்றே பிழைத்தவர்கள். மாடு செத்தால் வாங்கினவன் அழுவான், மாடு பால் கொட்டினால் விற்றவன் அழுவான், நடுவில் நின்றவனுக்கு ஒரு மயிரும் ஆகாது. உலகத்திலேயே பத்திரமான இடம் நடு என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஏழு அடியை எண்ணினோம், டிகிரியை எண்ணினோம், மிச்சத்தை எண்ணினோம், நடுவில் நிற்கிறவளை எண்ணவில்லை.

அவள் கட்டில்களை நெருக்கிப்போட்டு, இடைவெளியில் நின்று, இடது கையால் அவன் காலையும் வலது கையால் என் காலையும் பிடித்து, தன் எடையை முழுதாக இறக்கி மடக்கினாள், நாங்கள் இரண்டு பேரும் அறுக்கிற பன்றி மாதிரி கத்தினோம், தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து, புண்ணாக்குக் கடையில் தராசுத் தட்டுகள் தாமாக ஆடின, எனக்குள்ளிருந்து நாலும் அவனுக்குள்ளிருந்து மூன்றும் கிளம்பிப் போவதை நான் தண்ணீர் வடிகிற மாதிரி உணர்ந்தேன், எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை, குதிகால் பிட்டத்தில் முட்டியது. நூற்று முப்பத்தைந்து. கட்டிலிலிருந்து குதித்து நான் சிமெண்டுத் தரையில் குத்த வைத்தேன். எதிரே சென்னியப்பனும் குத்த வைத்தான். இரண்டு கிழட்டுத் தவளைகள் மாதிரி ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்துச் சிரித்தோம், அவன் என் முதுகில் அறைந்தான், நான் அவன் தலையில் குட்டினேன், மிச்சம் ஒன்று என்ன ஆனது என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணே" என்றாள் சகாயமேரி எங்களுக்கு மேலேயிருந்து, பெஞ்சில் காத்திருக்கிற நோயாளியைக் கூப்பிடுகிற அதே குரலில். "என் கையை யாராவது தூக்கி மேசைமேல வைங்க."

இரண்டு மணிக்கட்டும் தொங்கின. ஒன்றில் எலும்பு வெளியே வந்து எங்களைப் பார்த்தது.

அவள் மாவுக்கட்டோடு கிடந்த நாற்பத்தைந்து நாளும் சிலேட்டு வெறுமையாகத் தொங்கியது. இரண்டு வருஷம் அடக்கிவைத்திருந்ததை ஓலக்கரடு மொத்தமாக அவிழ்த்துவிட்டது. முதல் வாரம் வாய்க்கால் மேட்டில் மூன்று கை உடைந்தது. அடுத்த வாரம் மாரப்பனை அவன் மச்சினன் விளங்குகிற ஒரு கையாலேயே மண்வெட்டியால் வெட்டினான், மடக்குவதற்கு எதையும் மிச்சம் வைக்காமல். ஏட்டு கேஸ் எழுத மறந்துபோயிருந்தார். சாயங்காலம் தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் பாத்திரம் விழுகிற சத்தமும் அதற்குப் பின்னால் ஒன்றும் கேட்காத அமைதியும் வரும். பெண்கள் மடங்காத விரலையும் நிமிராத முழங்கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் சோறு குழைந்திருந்தது. என் கை ஓங்கிவிட்டது. நான் ஓங்கவில்லை, அது தானாக ஓங்கியது, இத்தனை நாளாகக் கட்டிப்போட்ட காளை மாதிரி. பாவாயி என் கையைப் பார்க்கவில்லை, தன் விரலைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள், எங்கே விழும் என்று தெரிந்தவள் மாதிரி. ஓங்கிய கையை நான் எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தேன். சோற்றை அப்படியே விட்டுவிட்டுச் சென்னியப்பன் வீட்டுக்குப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு மாடியேறினேன்.

சகாயமேரிக்குக் கட்டுப் பிரித்திருந்தார்கள். இரண்டு கைகளையும் மேசைமேல் இரண்டு கரண்டி மாதிரி நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அக்கா ஊட்டிவிட்ட சோறு தாடையில் ஒட்டியிருந்தது.

"திண்டுக்கல்ல உங்க தொழில்காரங்க ஒருத்தருமா இல்ல?" என்றேன்.

"நிறையப் பேர் இருக்காங்க. வர்றேன்னுகூடச் சொன்னாங்க." அவள் கையை அசைக்கப் பார்த்தாள், அசையவில்லை. "யார் மடக்கினாலும் உள்ள கிடக்கிறது உங்க ரெண்டு பேர்கிட்ட இருந்து வந்தது. எங்க போகும்னு உங்களுக்கே தெரியும். அதான் சொல்லாம மடக்க மனசு வரல."

"எவ்வளவு மடங்கோணும்?" என்றான் சென்னியப்பன்.

"அறுபது. அப்பத்தான் அடுத்தவங்க மூட்டை நான் பிடிக்க முடியும்."

நான் என் முழங்காலைப் பார்த்தேன். வியாழக்கிழமை சந்தை. பொள்ளாச்சிக்காரர்கள் நாற்பது மாடு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரமாகத்தான் மறுபடி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஏழு அடி இந்த முறை எப்படிப் பிரியும், எலும்பு தாங்குமா, தாங்காவிட்டால் இந்த வயசில் இன்னொரு தடவை ஒட்டுமா என்று என் புத்தி ஓடியது. வாயும் கூடவே திறந்தது. "முப்பது போதாதுங்களா..."

"வாயை மூடு, நாச்சி" என்றான் சென்னியப்பன். அவன் ஏற்கெனவே அவள் இடது பக்கம் போய் நின்றிருந்தான்.

நான் வலது பக்கம் நின்றேன். அவள் சொல்லிக்கொடுத்தாள். முழங்கையை மேசையில் ஊன்றவேண்டும். ஒரு கை மணிக்கட்டுக்குக் கீழே, ஒரு கை புறங்கையில். இழுக்கக்கூடாது, அழுத்தவேண்டும். "மடங்கின இடத்துல பத்து எண்ணுற வரைக்கும் பிடிக்கணும். நடுவுல விட்டீங்கன்னா திரும்பப் பூட்டிக்கும், மறுபடி முதல்ல இருந்து. ரெண்டு பேரும் கேட்டுக்கங்க, நான் கத்துவேன். நான் கத்துறதுக்காக விடாதீங்க."

அந்தக் கை ஒரு கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. சதையெல்லாம் வற்றி, தோலுக்கடியில் எலும்பு உருண்டது. நான் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். அவள் கத்தினாள், கீழே புண்ணாக்குக் கடையில் சத்தமெல்லாம் நின்றது, பூட்டு கொஞ்சம் இளகியது.

"ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்தேன்.

இரண்டு சொல்லும்போது சென்னியப்பனுக்கு வந்தது. அவன் வலது கால் உள்பக்கமாக மடிந்தது, மேசை விளிம்பில் நெஞ்சை ஊன்றி நின்றான், அவள் கையை விடவில்லை. மூன்று. அவன் மூக்கிலிருந்து சளியும் ரத்தமும் மேசையில் சொட்டின. நாலு சொல்லும்போது எனக்கு வந்தது, முழங்காலுக்குக் கீழே எனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை, உடம்பின் கனம் முழுக்க இடது காலுக்கும் அந்தச் சின்ன மணிக்கட்டுக்கும் போனது, அது என் உள்ளங்கைக்குள் நூலளவு கீழே இறங்கியது.

"விடாதீங்கண்ணே" என்றாள் சகாயமேரி.

"அஞ்சு" என்றேன்.